பின்சக்கர ஸ்போர்ட்ஸ் செடானுக்குப் புது டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காரை வைத்துப் பேசுகிறீர்கள்?

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், எஃப்30 தலைமுறை, 330ஐ பெட்ரோல். 252 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், அத்தனையும் பின்சக்கரத்துக்குத்தான். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் தொடங்கிய தொழிற்சாலையில் பூட்டப்பட்ட வண்டி என்பதால், கிட்டத்தட்ட நம்ம ஊர்க்காரன் என்றே சொல்லலாம். ஓடுவதும் பெரும்பாலும் சென்னையிலும், அதிலிருந்து மலைக்குப் போகும் ரோடுகளிலும்தான். இப்போது மூன்றாவது செட் டயரில் இருக்கிறேன். முதல் இரண்டில் செய்த தப்பெல்லாம் கீழே வரும். மெர்சிடிஸ் சி கிளாஸ், ஜாகுவார் எக்ஸ்இ மாதிரி பின்சக்கர இயக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கும் அளவு மட்டும்தான் மாறும், விஷயம் இதேதான்.

பின்சக்கர இயக்கம் என்பதால் டயர் விஷயத்தில் என்ன பெரிய வித்தியாசம்?

முன்சக்கர இயக்கக் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவது எல்லாம் முன் டயர்தான். பின் டயர் சும்மா கூடவே வருகிறது. பிடிமானம் போனால் முன்பக்கம் அகலமாகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

நம்ம காரில் கதை வேறு. ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. வளைவில் காரைப் பிடித்து வைக்க ஒரு பங்கு, முன்னால் தள்ள ஒரு பங்கு. ஈரமான வளைவில் பின் டயரின் சம்பளமே பாதியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் டர்போ எழுந்து 350 நியூட்டன் மீட்டரைக் கேட்டால் கையில் மிச்சம் எதுவும் இருக்காது, வால் வெளியே வரும். டிஎஸ்சி, அதாவது வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் அமைப்பு, வந்து பிடிக்கும், உண்மைதான். ஆனால் அது பிரேக்கைப் போட்டு, இன்ஜினைக் குறைத்து, இருக்கும் பிடிமானத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கணக்குப்பிள்ளை மட்டுமே. இல்லாத பிடிமானத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

அதனால் இந்த மாதிரிக் காருக்கு டயர் தேடும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நவம்பர் மழையில் பின் அச்சு எப்படி நிற்கும்? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பக்கவாட்டில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

225/45 ஆர்18 95ஒய் என்று இருந்தால்: அகலம் 225 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 101 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 18 இன்ச் ரிம். 95 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 690 கிலோ தாங்கும். ஒய் என்பது வேகக் குறியீடு, 300 கிலோமீட்டர் வரை. டபிள்யூ என்றால் 270, வி என்றால் 240.

நம்ம ரோட்டில் 240-இல் யார் போகப்போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வேகக் குறியீடு உயர்ந்த டயர் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும்படி கட்டப்பட்டது. மே மாத மதியத்தில் நான்கு பேர், நிறைய லக்கேஜ், திருச்சி நெடுஞ்சாலை என்று இருக்கும்போது அது வீண் போவதில்லை. கார் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள். சுமைக் குறியீட்டிலும் அதே விதி. முடிந்தால் எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை தாங்கும் என்று குறித்த டயரை எடுங்கள். பள்ளத்தில் விழும் ஊருக்கு அது நல்லது.

நட்சத்திரக் குறி போட்ட டயர்தான் வாங்க வேண்டுமா?

பக்கவாட்டில் சின்ன நட்சத்திரம் இருந்தால் பிஎம்டபிள்யூ தன் காருக்காகச் சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்று பொருள். மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, போர்ஷேவுக்கு என். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், என் மூன்றாவது செட்டில் நட்சத்திரம் கிடையாது. ஆனால் நான்கு டயரும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று போட்டால் மழையில் எது முதலில் வழுக்கும் என்பது யாருக்கும் தெரியாது, உங்களுக்கும்தான்.

ரன்ஃப்ளாட்டை விட்டுச் சாதா டயருக்கு மாறலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவர் தடித்தது. காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே காரைச் சுமக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம். கம்பெனிக்குக் கம்பெனி குறி மாறும்: பிரிஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷலினில் இஸட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப். எஃப்30-இன் டிக்கியில் ஸ்டெப்னிக்கான குழியே இல்லை. அந்த டயரை நம்பித்தான் காரையே வடிவமைத்தார்கள்.

இதன் விலையை இரண்டு இடத்தில் கொடுக்கிறோம். ஒன்று, சவாரி. தடித்த சுவர் மடங்காது, சின்னக் குழிகூட முதுகுத்தண்டில் பதிவாகும். இரண்டாவது, ரிம். சாதா டயர் பள்ளத்தில் விழும்போது சுவர் மடங்கி அடியில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ரன்ஃப்ளாட் அதை அப்படியே ரிம்முக்குக் கடத்திவிடும். என் முதல் செட்டில் இரண்டு தடவை ரிம்முக்குப் பெண்டு எடுத்தேன். மூன்றாம் தடவை ஒரு டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் வந்துவிட்டது. உள்ளே நூல் அறுந்து காற்று தள்ளுகிறது என்று அர்த்தம். அதற்கு ஒட்டு, பத்து எதுவும் கிடையாது, டயர் போனது போனதுதான்.

இரண்டாவது செட்டில் சாதா டயருக்கு மாறினேன். முதல் நாள் காரே மாறிப்போன மாதிரி இருந்தது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய ரோட்டில் பல்லைக் கடிக்காமல் போக முடிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வரும் முதல் துடிப்பு ஒரு மயிரிழை மந்தமானது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரன்ஃப்ளாட்டின் விறைப்பை எதிர்பார்த்துச் செய்த சஸ்பென்ஷன் இது. ஆனாலும் அந்த ஒரு மயிரிழைக்காகத் திரும்பிப் போக மாட்டேன்.

மாறுவதென்றால் டிக்கியில் மூன்று சாமான் இருக்க வேண்டும்: 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின், டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஜாக்கி. வெளியூர் போகும்போது நான் மெலிந்த ஸ்பேஸ் சேவர் ஸ்டெப்னி ஒன்றையும் பையில் போட்டு வைத்துக்கொள்கிறேன். டிக்கியில் பாதி இடம் போகும், வீட்டில் அதற்குத் திட்டும் விழும். எஃப்30-க்கு 5×120 போல்ட் அமைப்பு. அதற்கடுத்த ஜி20-இல் 5×112. பழைய மாடலின் ஸ்டெப்னியைப் புது மாடலுக்கு வாங்கி ஏமாந்துவிடாதீர்கள்.

ராத்திரியில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுபவர், ரோட்டோரத்தில் ஜாக்கி போட முடியாதவர், வீட்டில் பெரியவர்கள் தனியாகக் காரை எடுத்துப் போகிறார்கள் என்றால் ரன்ஃப்ளாட்டிலேயே இருங்கள். அப்படி இருப்பதை யாராவது கிண்டல் செய்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். முன்னால் ரன்ஃப்ளாட், பின்னால் சாதா என்று கலப்பது மட்டும் வேண்டாம்.

எந்த மாடல் நல்லது? நேரடியாகச் சொல்லுங்கள்.

இது என் கருத்து மட்டும்.

மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 கிடைத்தால் வேறு எதையும் பார்க்காமல் எடுப்பேன். ஈரத்தில் அது பிடிக்கும் விதமும், பிடி விடுவதற்கு முன்னால் மெதுவாகச் சொல்லிவிட்டு விடும் விதமும் இந்தக் காருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6 ஆசிய பசிபிக் நாடுகளுக்காகவே செய்தது. ஸ்டீயரிங்குக்கு நன்றாகப் பதில் சொல்லும். பாதி தேய்ந்தபின் கொஞ்சம் முனகும். யோகோஹாமா அட்வான் ஸ்போர்ட் வி105 காய்ந்த ரோட்டில் எனக்குப் பிடித்தது. பைரெல்லி பி ஸீரோ, குட்இயர் ஈகிள் எஃப்1 இரண்டும் தரத்தில் குறைந்தவை அல்ல. உங்கள் அளவில் புதுத் தேதியில் எது கிடைக்கிறது என்பதே அங்கே முடிவு செய்யும்.

சென்னையின் எம்ஆர்எஃப் பெர்ஃபின்ஸாவையும், நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டைனை 2009-இல் வாங்கிய அப்போலோ 2021-இல் இங்கே இறக்கிய அல்ட்ராக் வோர்ட்டியையும் தயங்காமல் விசாரியுங்கள். இந்தியக் கம்பெனி என்றாலே இரண்டாந்தரம் என்று நினைத்த காலம் போய்விட்டது.

சரி, ஓட்டமே அண்ணா சாலையிலும் ஓஎம்ஆர் சிக்னல்களிலும்தான் என்றால்? மிஷலின் ப்ரைமசி மாதிரி சொகுசு டயரே போதும். பர்ஃபார்மன்ஸ் டயர் வாங்கி அதன் சத்தத்தை மட்டும் அனுபவிப்பதில் அர்த்தமில்லை.

ட்ரெட்வேர் 300, 400 என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட நம்பலாம். கம்பெனி விட்டுக் கம்பெனி ஒப்பிட நம்பக் கூடாது.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கான மதிப்பெண் இது, அமெரிக்க முறை. டெக்ஸாஸில் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றிப் பொது ரோட்டிலேயே 400 மைல் தடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கட்டுப்பாட்டு டயரோடு சேர்த்து 7,200 மைல் ஓட்டி, தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். கட்டுப்பாட்டு டயருக்கு 100 என்றால், 300 மதிப்பெண் வாங்கியது மூன்று மடங்கு உழைக்கும் என்று கணக்கு. ஆனால் மதிப்பெண்ணைத் தனக்குத் தானே போட்டுக்கொள்வது கம்பெனிதான். ஒருவர் அடக்கமாகப் போடுவார், ஒருவர் தாராளமாகப் போடுவார். பக்கத்தில் இருக்கும் ட்ராக்ஷன் ஏஏ என்பதும் ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் போட்டதற்கான மதிப்பெண் மட்டுமே. வளைவு அதில் கணக்கே இல்லை.

ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிமானத்துக்கு என்று தனியாக எழுத்து உண்டு. 2021 மே முதல் ஏ முதல் இ வரை. ஒரே அளவில் இரண்டு மாடலுக்கு நடுவே குழம்பினால் அதை எடுத்துப் பார்ப்பேன். அதுவும் நேர்கோட்டுப் பிரேக்தான், ஆனாலும் ஒன்றும் தெரியாமல் வாங்குவதற்கு மேல்.

பொதுவாக ட்ரெட்வேர் எண் ஏற ஏற ரப்பர் கடினமாகும், பிடிமானம் கொஞ்சம் குறையும். 200-க்குக் கீழே போனால் மைலேஜ் கண்ணெதிரே கரையும். ரோட்டுக்கு 280-இலிருந்து 360 வரை எனக்குச் சரியாக இருக்கிறது.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதுசை எங்கே போடுவது?

பின்னால். முன்சக்கர இயக்கமானாலும், பின்சக்கர இயக்கமானாலும் பின்னால்தான். நம்ம காருக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கேவலமானது. இரண்டாவது செட்டில் முன் டயர் இரண்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டன. கடைக்காரர் புதுசைக் கொண்டுவந்து முன்னால் மாட்டினார். “பின்னால் போடுங்களேன்” என்றேன். “சார், ஸ்டீயரிங் முன்னாடிதானே இருக்கு? புதுசு எப்பவும் முன்னாடிதான்” என்றார். சொன்ன விதத்தில் அத்தனை உறுதி, நானும் தலையாட்டிவிட்டேன். பின்னால் இருந்தவற்றில் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பரின் பள்ள ஆழம், மூன்று மில்லிமீட்டர் இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, அந்த வருஷத்து முதல் பெரிய மழை. ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் கழுவப்படாமல் சோப்பு மாதிரி மிதக்கும் நேரம். கத்திப்பாரா மேம்பாலத்தின் ஒரு சுற்றில் இறங்குகிறேன், வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. முன்பக்கம் புது டயர், கல் மாதிரிப் பிடித்திருக்கிறது. ஸ்டீயரிங் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று கைக்குச் சொல்கிறது. காலை லேசாக அழுத்தினேன். பின்பக்கம் மட்டும், யாரோ பின்னால் நின்று இடுப்பால் தள்ளியது போல, ஓர் அடி வெளியே போனது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. டிஎஸ்சி பிடித்து இழுத்துவிட்டது. பக்கத்து லேனில் ஆட்டோ இருந்தது. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதில் முன் டயரின் தப்பு எதுவுமில்லை. அது பிடித்ததால்தான் பின் டயரின் நிலைமை எனக்குத் தெரியாமலே போனது. மறுநாள் காலையில் அதே கடைக்குப் போய் முன்னும் பின்னும் மாற்றச் சொன்னேன். அவர் இன்னமும் நான் சொல்வதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு டயர் கிழிந்துவிட்டது, ஒன்று மட்டும் வாங்கலாமா?

மற்றவை கிட்டத்தட்ட புதுசாக இருந்தால் வாங்கலாம். பாதி தேய்ந்திருந்தால், அதாவது நான்கு மில்லிமீட்டர் பட்டன் வித்தியாசம் இருந்தால், விட்டத்தில் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரே அச்சில் இடதும் வலதும் அப்படி இருந்தால் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் பல்சக்கரம் நேர் ரோட்டில்கூட ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். ஜோடியாக வாங்குங்கள்.

பின்னால் 255, முன்னால் 225 என்று வெவ்வேறு அகலம் போடலாமா?

இந்தக் காரின் எம் ஸ்போர்ட் வகைக்கான 18 இன்ச் ஜோடியில் முன்னால் 225/45, பின்னால் 255/40 என்று வருவது உண்டு. விட்டம் முறையே 659.7, 661.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சமம் என்பதால் ஏபிஎஸ், டிஎஸ்சி குழம்பாது. ஆனால் இதற்கு ரிம்மும் வேறு வேண்டும். முன்னால் 8 இன்ச், பின்னால் 8.5 இன்ச் அகலம். நான்கும் 8 இன்ச் ரிம் வைத்திருப்பவர் ‘பின்னால் கெத்தாக இருக்கட்டும்’ என்று 255-ஐத் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். 255/40-க்கு ஏற்ற குறைந்தபட்ச ரிம்மே 8.5 தான். டயர் பலூன் மாதிரி பிதுங்கி, ஸ்டீயரிங் துல்லியம் குறையுமே தவிர பிடிமானம் கூடாது.

அகலம் கூடினால் காய்ந்த ரோட்டில் இழுவை கூடும். தேங்கிய தண்ணீரில் தலைகீழ்: அகல டயர் சீக்கிரம் நீரின் மேல் ஏறி மிதக்கும். அப்புறம் முன்னும் பின்னும் மாற்றிப் போடும் வாய்ப்பும் போய்விடும். எனக்கு நான்கும் 225. தேய்மானம் பார்த்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்கிறேன்.

19 இன்ச்சுக்குப் போகலாமா?

படம் எடுக்க நன்றாக இருக்கும். 255/35 ஆர்19-இல் பக்கச்சுவர் 89 மில்லிமீட்டர்தான். டிசம்பரில் வேளச்சேரி பக்கம் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டிப் பார்த்தவர்கள் 17 இன்ச்சுக்கு இறங்கலாமா என்றுதான் கேட்பார்கள். 225/50 ஆர்17, விட்டம் 656.8, தாராளமாகப் பொருந்தும்.

ஆல் சீசன் டயர்?

வேண்டாம். அது பனி விழும் ஊருக்கான சமரசம். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால்தான் விறைக்கும். சென்னை அந்தப் பக்கமே போகாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் தங்கினால் மட்டும் ஒரு எச்சரிக்கை: தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், முதல் சில கிலோமீட்டர் காலை மென்மையாக வையுங்கள். டயர் சூடேறியதும் பழையபடி ஆகிவிடும்.

கடையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விலையைக் கேட்பதற்கு முன்னால் தேதியைக் கேளுங்கள். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில்தான் முழு வரிசையும் இருக்கும், அந்தப் பக்கம் தேடிப் பாருங்கள்.

என் முதல் மாற்று செட்டை வாங்கியபோது தள்ளுபடியில் மயங்கி இதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கார் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது: மூன்று டயர் ஒரு வருஷம், நான்காவது மூன்றரை வருஷம் பழசு. தகரக் கூரைக் கிடங்கில் மூன்று கோடை வெந்திருக்கிறது. கேட்டதற்கு “ஓடாத டயர்தானே சார், புதுசுதான்” என்றார்கள். ரப்பர் ஓடாமலும் வயசாகும். ஒரு வருஷத்துக்குள் இருந்தால் நிம்மதி, ஒன்றரை வரை பரவாயில்லை, இரண்டு தாண்டினால் நான் எழுந்து வந்துவிடுவேன். நான்கிலும் பாருங்கள், ஒன்றில் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரை. கார் டயருக்கு ஐஎஸ் 15633 என்ற எண்ணோடு இருக்க வேண்டும். அது இல்லாத டயர் எந்த வழியாக வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

நான் விரும்பும் மாடல் எங்கேயுமே கிடைக்கவில்லையே?

2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் போட்டார்கள். கம்பெனி உரிமம் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து 18, 19 இன்ச் பர்ஃபார்மன்ஸ் டயருக்கெல்லாம் தட்டுப்பாடு வந்து வந்து போகிறது. இதற்கு வழி, முன்கூட்டியே தேடுவதுதான். பட்டன் நான்கு மில்லிமீட்டருக்கு வந்ததுமே விசாரிக்க ஆரம்பித்துவிடுங்கள். மொட்டையான பிறகு கடைக்குப் போனால் இருப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமானது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஞாபகப்படுத்துங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

நில்லுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஜாக்கியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தக் காரின் அடியில் நான்கு இடத்தில் சதுரமான கறுப்பு ரப்பர் கட்டைகள் இருக்கும், அங்கே மட்டும்தான் வைக்க வேண்டும். டயரில் வெளிப்பக்கம் என்று எழுதியிருந்தால் அது வெளியே வர வேண்டும். அம்புக்குறி இருந்தால் அது உருளும் திசை. ரன்ஃப்ளாட்டின் ஓரம் விறைப்பானது. துணைக்கை உள்ள மெஷின் இல்லாமல் கடப்பாரையால் நெம்பினால் ரிம்மும் போகும், டயரின் உள் ஓரமும் கிழியும். அப்படி ஆரம்பித்தாலே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

பிஎம்டபிள்யூவில் நட்டு கிடையாது, போல்ட்டுதான். எஃப்30-க்கு 140 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் டர்ரென்று முறுக்கி முடிக்காமல், கடைசியில் டார்க் ரெஞ்சில் ‘டக்’ சத்தம் கேட்கும்வரை வைக்கச் சொல்லுங்கள்.

பின்சக்கரத்துக்குக் கம்பெனியே கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் வைத்திருக்கிறது, அதாவது டயரின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் நல்லது. ஆனால் உள் ஓரம் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் பட்டன் நிறைய இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் மொட்டையாகி, கம்பி விரலில் குத்தும். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், தவறாக இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் புது டயரோடு நான்கு சக்கர அலைன்மென்ட் கட்டாயம். பிஎம்டபிள்யூவின் முறைப்படி சீட்டிலும் டிக்கியிலும் எடை வைத்து, காரை வழக்கமான உயரத்துக்கு இறக்கித்தான் அளக்க வேண்டும். எத்தனை கடை செய்கிறது என்று கேட்டால் நான் சிரிப்பேன். குறைந்தபட்சம் பின்பக்க டோவைச் சரிசெய்த பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, டாஷ்போர்டுத் திரையின் ஐட்ரைவ் மெனுவில் டயர் காற்று எச்சரிக்கையை ரீசெட் செய்யுங்கள்.

புது டயர் போட்டதும் உடனே விரட்டலாமா?

முதல் 300 கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள். தொழிற்சாலையில் டயரை வார்க்கும் அச்சிலிருந்து பிரிந்து வரப் பூசிய வழவழப்பு மேல் தோலில் மிச்சம் இருக்கும்.

காற்று எவ்வளவு?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைதான் வேதம். பெரும்பாலும் பின்னால் முன்னைவிடக் கூடுதலாக இருக்கும். பங்கில் பையன் நான்குக்கும் ஒரே எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவான், பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி மாறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். ஓடி வந்த டயரில் நான்கைந்து கூடியிருப்பது இயல்பு, அதைக் குறைத்துவிடாதீர்கள். நைட்ரஜன் போட்டால் கெடுதல் இல்லை. சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பஞ்சர் ஒட்டலாமா?

நடுப்பட்டனில் ஆணி என்றால் ஒட்டலாம். ஸ்ட்ரிப் சொருகுவது வீடு வந்து சேர மட்டும். அப்புறம் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடுங்கள். தோளிலோ பக்கச்சுவரிலோ துளை என்றால் டயரை மாற்றத்தான் வேண்டும். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃப்ளாட்டை ஒட்டாதீர்கள், உள்சுவர் நொறுங்கியிருந்தால் வெளியே தெரியாது.

பள்ளத்தில் விழுந்து டயர் போனால் இன்ஷூரன்ஸ் தருமா?

சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் கிடைக்காது. காருக்கும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு விற்கிறார்கள். 18 இன்ச்சுக்கு மேல் போட்டிருப்பவர்கள் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கும் இதே டயரில் போகலாமா?

போகலாம். 3.7 கிலோமீட்டர் சுற்று அது. சென்னை வெயிலில் நான்கைந்து சுற்றிலேயே ரோட்டு டயர் வெண்ணெய் மாதிரி வழுக்க ஆரம்பிக்கும். அப்போது ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வந்து காற்றை அளந்து பாருங்கள், கூடியதை ட்ராக்கில் மட்டும் வெளியேற்றலாம். வெளியேற்றிய காற்றை வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப அடிக்க மறக்க வேண்டாம். ஒரு நாள் ட்ராக்கில் போகும் ரப்பர், ரோட்டில் சில ஆயிரம் கிலோமீட்டருக்குச் சமம் என்றே மனதைத் தேற்றிக்கொண்டு போங்கள்.

எத்தனை கிலோமீட்டர் உழைக்கும், எப்போது மாற்றுவது?

எனக்குப் பின் டயர் முதல் செட்டில் 24,000 கிலோமீட்டர், முன் டயர் 38,000. இடம் மாற்றிப் போட ஆரம்பித்த பிறகு நான்கும் சேர்ந்து முப்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. வலது காலின் எடையைப் பொறுத்து உங்களுக்கு மாறும்.

சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. நான் மூன்றிலேயே மாற்றிவிடுகிறேன், அதுவும் செப்டம்பருக்குள். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலும் டயருக்கு ஆறு வயசு ஆகிவிட்டால் எடுத்துவிடுங்கள். ஆழம் அளக்கும் கேஜ் மலிவாகக் கிடைக்கும். அளக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்து முன் டயரின் உள் ஓரத்தை அளங்கள். பின் டயருக்கு மட்டும் பாயை விரித்துப் படுக்க வேண்டியிருக்கும்.